வைகாசிக் கதவும் விழா மேடையும்

மூதூரிலிருந்து சம்பூர்ப் பக்கம் போகும் வீதியில், கொட்டியாரக் குடாவின் தென்கரையோரம், களப்பை அண்டிக் கிடக்கிறது கட்டைபறிச்சான். பக்கத்து ஊர் சேனையூர். தெற்கே போனால் ஈச்சிலம்பற்று, அதையும் தாண்டினால் வெருகல் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பு மாவட்டம். வயலும் இறாலும் சோறு போடும் இந்த ஊரை, நாட்டார் இசை விழா என்றவுடன் யாரும் நினைக்கமாட்டார்கள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, சென்னை என்றுதான் பேச்சுப் போகும். ஆனால் பெருவிழா நடக்கும் நகரத்தில் நிற்பவருக்கு மேடை மட்டும்தான் தெரியும். பாட்டு எந்த ஊரில் பஸ் ஏறியது, அங்கே அது எந்த மாதத்துக்குரியது என்பதெல்லாம் தெரியாது. அதைப் பார்க்க இப்படியோர் ஊர்தான் வசதி.

இங்கிருந்து நோக்கினால் ஆண்டுதோறும் வரும் கூடல்கள் மூன்று வகை. கோயிற் சடங்கு ஒன்று. பாடசாலையும் பிரதேச செயலகமும் நடத்தும் போட்டிகளும் விழாக்களும் இன்னொன்று. நகரத்துப் பெருவிழா மூன்றாவது. பாட்டும் கூத்தும் மூன்றிலும் உண்டு. முதலாவது, முறையால் நடக்கிறது: இன்ன நாள், இன்ன குடி, இன்ன பணி. மற்ற இரண்டும் நிகழ்ச்சி நிரலால் நடக்கின்றன. நாட்டார் இசை விழாக்களின் வளர்ச்சி என்று நாம் எழுதிக்கொண்டிருப்பது பெரும்பாலும் முறை, நிகழ்ச்சி நிரலாக மாறிய கதைதான். அதில் போனது என்ன, வந்தது என்ன என்ற கணக்கை அவசரப்பட்டு முடித்துவிட்டோம் என்பது என் எண்ணம். பழையதை எண்ணி ஏங்குபவர்களும் சரி, புதியதைக் கொண்டாடுபவர்களும் சரி, ஒரு பத்தியை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கணக்கை மூடிவிட்டார்கள்.

சடங்கிலிருந்து தொடங்குவோம். கிழக்கிலங்கையின் கண்ணகி அம்மன் கோயில்கள் பல, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடப்பவை. வைகாசியில்தான் கதவு திறத்தல். தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம், வந்தாறுமூலை என்று கரை நெடுக இந்த வழக்கம் இருக்கிறது. திருகோணமலைப் பக்கத்தில் பாலம்போட்டாறு பத்தினி அம்மனும், வடக்கே முல்லைத்தீவில் வற்றாப்பளை அம்மனும் இதே வழிபாட்டின் உறவினர். மாதத் தெரிவுக்குக் காரணம் இருக்கிறது. பெரும்போக வெள்ளாண்மை மாசி, பங்குனியில் வெட்டி முடிந்து நெல் வீட்டுக்கு வந்துவிடும். கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கும். கூடவே கச்சான் காற்று எழுந்து வெக்கை ஏறும் காலம் அது. முன்பு அம்மாள் வருத்தம் என்ற அம்மை நோய் பரவும் காலமும் அதுவே. ஆக, செழிப்புக்கு நன்றியும் நோய்க்குப் பயமும் ஒரே வாரத்தில் வந்து சேர்கின்றன. அந்த வாரத்தின் நடுவே இருப்பது ஒரு நீண்ட பாட்டு: கண்ணகி வழக்குரை.

வழக்குரையைச் சிலப்பதிகாரத்தின் நாட்டுப்புறப் பிரதி என்று நினைத்துக்கொண்டு அணுகுபவர் முதல் இரவிலேயே திகைப்பார். இதில் கண்ணகி மாங்கனியில் பிறக்கிறாள். அவள் சிலம்புக்குப் பரல் தேடி மீகாமன் கப்பலேறி நாகதீவுப் பக்கம் போகிறான். வெடியரசனோடு கடலில் போர் நடக்கிறது. இளங்கோவில் இல்லாத இந்தக் கடலோட்டுக் காதைதான், கடலை நம்பி வாழும் கரையோர ஊர்களில் ஆர்வத்தோடு கேட்கப்படும் பகுதி. வி.சீ. கந்தையா இதனைப் பதிப்பித்து அச்சில் கொண்டுவந்தார். அதற்கு முன்பும் பின்பும் கோயில்களில் இது ஏட்டிலிருந்தும், ஏட்டைப் பார்த்து எழுதிய கொப்பிகளிலிருந்துமே பாடப்பட்டு வருகிறது.

பாடும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பூசகரான கட்டாடியார் பூசை முடித்ததும் பாடுபவர் பாயில் அமர்கிறார். உடுக்கு ஒருவர் கையில். சிலம்பும் அம்மானைக்காயும் அம்மனுக்குரிய பொருட்களாக அருகே இருக்கின்றன. ஒவ்வொரு நாளும் இத்தனை காதை என்ற ஒழுங்கு உண்டு. கலியாணம் வரும் இடத்தில் கோயில் வளவில் கலியாணக்கால் நடப்படுகிறது. கதையில் நடப்பது ஊரிலும் நடந்தாக வேண்டும். கோவலன் கொலை வரும்போது கேட்பவர்கள் முகம் மாறும். மதுரை எரியும் பகுதியைப் பாடிவிட்டு அப்படியே எழுந்து போக முடியாது. எரித்தவளைக் குளிர்விக்காமல் விட்டால் அந்த வெக்கை ஊரில் நிற்கும் என்பது நம்பிக்கை. எனவே கடைசி நாள் திருக்குளிர்த்தி. பாத்திரத்தில் நீரும் வேப்பிலையும் வைத்துக் குளிர்த்திப் பாடல் பாடப்படுகிறது; பெண்கள் குரவை இடுகிறார்கள்; அந்த நீர் கூடியிருப்போர் மேல் தெளிக்கப்படுகிறது. பிறகு கதவு அடைபடுகிறது, அடுத்த வைகாசி வரை.

இசையின் கண்கொண்டு பார்த்தால் இது கச்சிதமான அமைப்பு. சூடேற்றும் பாட்டு, தணிக்கும் பாட்டு என்று இரண்டு. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. தனிப்பாடலின் அழகைவிட எதற்குப் பின் எது என்ற வரிசைதான் முக்கியம். வழக்குரைத்த காதையை மட்டும் எடுத்துப் பத்து நிமிடத்துக்கு மேடையில் பாடுவதைச் சில முதியவர்கள் விரும்புவதில்லை. அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடலாம். ஆனால் ஓர் இசை வடிவத்தின் கட்டமைப்பைப் பற்றி அவர்கள் சரியாகவே பேசுகிறார்கள்.

இந்த வைகாசிக் காலத்தோடு ஒட்டியது கொம்புமுறி விளையாட்டு. ஊர் வடசேரி, தென்சேரி என இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த உறுதியான இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு கட்டி, இரு பக்கமும் நின்று இழுப்பார்கள். எந்தக் கொம்பு முறிகிறதோ அந்தப் பக்கம் தோற்றது. தோற்றவர்களைப் பார்த்து வென்றவர்கள் பாடும் வசைக்கவி நாகரிகமானது என்று சொல்ல முடியாது. பிடித்தவர்கள் அதற்காகவே வருவார்கள். மழை பொய்த்தாலும் நோய் பரவினாலும் இதை ஆடினால் தீரும் என்பது ஐதீகம். சிங்கள ஊர்களில் பத்தினித் தெய்வத்துக்காக ஆடப்பட்ட அங்கெலிய இதன் இரட்டைப் பிறவி: அங்கே உடுபில பாலங்கன் (கோவலன்) பக்கம், யடிபில பத்தினி பக்கம். கணநாத் ஒபயசேகர 1984இல் வெளியிட்ட பத்தினி வழிபாட்டு ஆய்வு நூலில் இவ்விரண்டையும் சேர்த்தே பார்த்தார். இரண்டு இனங்கள் ஒரே ஆட்டத்தைத் தத்தம் மொழியில் வைத்துக்கொண்டு, ஒன்று மற்றொன்றை அறியாமல் இருந்த காலங்களும் உண்டு என்பதுதான் இந்தத் தீவின் விசித்திரம்.

இனி முறை. இந்த ஊர்கள் அடங்கிய கொட்டியாரப் பகுதியில் முறை என்பது வெறும் பழக்கமன்று. எழுதி வைக்கப்பட்ட ஒன்று. கவிராச வரோதயர் பாடிய கோணேசர் கல்வெட்டு, மன்னன் குளக்கோட்டன் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் நூல். தானத்தார், வரிப்பத்தார் என்ற பிரிவுகள், எந்தக் குடிக்கு என்ன தொழும்பு, எந்தப் பகுதி எதைக் கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் அதில் விரிவாக வருகின்றன. திருகோணமலை, கட்டுக்குளம், தம்பலகாமம், கொட்டியாரம் ஆகிய பற்றுகள் சேர்ந்து தாங்கிய கோயில் அது. போர்த்துக்கேயர் அதை இடித்த பின்பும் முறை அழியவில்லை. தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் கோயிலுக்கு இடம் மாறியது. ஒரு கோயிலை இடித்தாலும் அதைச் சுற்றிய கடமைகள் வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

தெற்கு எல்லையில் வெருகல் சித்திர வேலாயுதர் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அது சொல்லும் செய்தி மிகச் சாதாரணமானது: தென்மதில் கயிலாய வன்னியனாரின் கட்டடம், மற்ற மதில்கள் வேறு வேறு தரப்பாருடையவை. ஒரு கோயிலின் மதில்களைக்கூட ஒருவரே கட்டவில்லை. இந்தப் பங்கீட்டுக்குள்தான் இசையும் இருந்தது. யார் பாடுவது, யார் அடிப்பது, யார் எண்ணெய் கொடுப்பது என்பதெல்லாம் ஒரே பட்டியலின் வரிகள். கலைஞர், பார்வையாளர், அனுசரணையாளர் என்று இன்று நாம் பிரிக்கும் மூவரும் அங்கே பிரியவில்லை. விழாவில் பங்கில்லாதவர் ஊரில் பங்கில்லாதவர்.

பழைமையைப் புகழ்பவர்கள் நிறுத்திக்கொள்ளும் இடம் இதுதான். ஆனால் அதே பட்டியலின் அடி வரியில் பறைமேளக்காரர் இருக்கிறார். அக்கரைப்பற்றுப் பகுதியில் நீண்ட காலம் கள ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1983இல் கிழக்கின் பறைமேளக்காரர் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். சாவீட்டிலும் கோயிலிலும் அடிப்பது அவர்களுக்குச் சாதிக் கடமை. கோயிலில் அவர்களுக்கு உரிமை உண்டு, இடம் வெளியே. கையில் நுட்பமான தாளங்கள் இருந்தும் பெயர் சொல்லப்படாத கலைஞர்கள் அவர்கள். வடக்கிலும் கிழக்கிலும் பல குடும்பங்கள் மேளத்தைக் கீழே வைத்தது சுயமரியாதைக்காக. அப்படி வைத்ததை இசைக்கு நேர்ந்த இழப்பு என்று மட்டும் எழுதும் ஆய்வாளர், மேளத்தைத் தூக்கியவனின் தோளை மறந்துவிடுகிறார். முறையின் வலிமையும் கொடுமையும் ஒரே கயிற்றில் முறுக்கியவை.

இந்தக் கயிற்றிலிருந்து பாட்டை முதலில் பிரித்து எடுத்தவர்கள் தொகுப்பாளர்கள். த. சதாசிவ ஐயர் 1940இல் வெளியிட்ட மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு இதில் முன்னோடி. வசந்தன் என்பது கோலடித்துக்கொண்டு வட்டமாக ஆடும் ஆட்டம். பிள்ளைகளும் இளைஞர்களும் ஆட, ஆட்டம் பழக்கும் அண்ணாவியார் மத்தளத்தோடு நடுவே நிற்பார். பாட்டும் கால் அடவும் கோலின் ஓசையும் சேர்ந்த ஒன்றை ஐயர் தாளில் வைத்தார். பாட்டு மட்டும் வந்தது. வடக்கில் மு. இராமலிங்கம் தாலாட்டையும் ஒப்பாரியையும் தேடித் தொகுத்தார். எஃப்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வந்தது. இ. பாலசுந்தரம் 1979இல் மட்டக்களப்பு நாட்டார் பாடல்களை ஆய்வு நூலாக்கினார். கிழக்கு முஸ்லிம் பெண்களின் கவிகளை எஸ். முத்துமீரான் தொகுத்தார். அந்தக் கவிகளைப் படித்தவர்கள், தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வயலில் ஒரே மெட்டில் பாடியதை மறுக்கமாட்டார்கள். சேனையூரைப் பிறப்பிடமாகக் கொண்டு கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கலை கலாசார பீடாதிபதியாக இருந்த பால. சுகுமார் கொட்டியாரப் பகுதியின் வழக்குகளைத் தொடர்ந்து எழுதி வந்திருக்கிறார். மட்டக்களப்போடு ஒப்பிட்டால் கொட்டியாரத்துக்குக் கிடைத்த தொகுப்பாளர்கள் குறைவு. அந்தக் குறை இன்றும் தெரிகிறது.

தாளிலிருந்து மேடைக்கு வந்தது சு. வித்தியானந்தனால். 1956இல் சரச்சந்திரவின் மனமே கொழும்பில் அரங்கேறியது. சிங்கள நவீன நாடகத்துக்கு வழிகாட்டிய அந்தப் படைப்பு நாடகம என்ற வடிவிலிருந்து வந்தது. அந்த நாடகமவின் வேரோ தமிழ்க் கூத்தில். பேராதனையில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த வித்தியானந்தனுக்கு இது உறைத்திருக்க வேண்டும். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர் ஊர் ஊராகப் போய் அண்ணாவிமாரைக் கண்டார், கூத்துப் போட்டிகளும் விழாக்களும் நடத்தினார், மன்னார் நாட்டுக்கூத்துகளைப் பதிப்பித்தார். பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு 1962இல் கர்ணன் போர் மேடையேறியது. தொடர்ந்து நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை. மட்டக்களப்பிலிருந்து வந்த சி. மௌனகுரு போன்றவர்கள் அந்தப் பட்டறையில் உருவானவர்கள்.

மாற்றம் என்ன? விடிய விடிய நடந்த கூத்து ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குச் சுருங்கியது. வட்டக் களரியைச் சுற்றி நாலு பக்கமும் அமர்ந்திருந்த சனம், திரைக்கு முன்னால் ஒரு பக்கமாக வந்து உட்கார்ந்தது. மின்விளக்கு வந்தது. களரியில் ஆடுபவர் வட்டம் சுற்றி ஆடுவதற்குக் காரணம் எல்லாத் திசையிலும் ஆள் இருப்பது. படச்சட்ட மேடையில் அந்த வட்டம் காரணமில்லாத அலங்காரமாகிவிட்டது. இதைக் கடுமையாக விமர்சித்தவர்கள் உண்டு. மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் அவரோடு இயங்கிய மூன்றாவது கண் குழுவினரும் கூத்தை ஊருக்குள்ளேயே, ஊர்க்காரரோடு சேர்ந்தே மாற்ற வேண்டும் என்று வாதாடி, சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கத்தை முன்னெடுத்தார்கள். என் சார்பு இரண்டாவது பக்கம். ஆனாலும் வித்தியானந்தன் இல்லாமல் ஜெயசங்கருக்கு மறுத்துப் பேச ஒன்றுமே மிஞ்சியிருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1950களில் படித்தவர்கள் கூத்தைப் பார்க்கவே வெட்கப்பட்டார்கள்.

கொட்டியாரத்துக்கு இந்த அலை மெதுவாகவே வந்தது. அதற்குக் கலைக் காரணத்தைவிட வீதிக் காரணம் பெரிது. மட்டக்களப்பிலிருந்து கடற்கரை வழியே திருகோணமலைக்கு வருபவர் துறைக்குத் துறை பாதைக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கே பாதை என்றால் ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மூதூரிலிருந்து திருகோணமலைக்கு லாஞ்சில் போவதுதான் சுருக்கு வழியாக இருந்தது. மத்தளம், உடுப்புப் பெட்டி, வில்லு, கிரீடம் எல்லாவற்றோடும் ஒரு கூத்துக் குழு இந்த வழியில் போய் வருவதைக் கற்பனை செய்தால், ஏன் ஒவ்வொரு பற்றும் தன் கூத்தைத் தானே வைத்துக்கொண்டது என்பது விளங்கும். கிண்ணியாப் பாலம் 2009இல் திறக்கப்பட்டது. ஏனைய துறைகளுக்கும் அடுத்த சில ஆண்டுகளில் பாலம் வந்தது. ஆடலையும் பாடலையும் இடம் பெயர்த்து விழாவாக்கும் காலம் அதன் பிறகுதான் இங்கே சாத்தியமானது.

ஆனால் அதற்குள் ஊர்களே இடம்பெயர்ந்துவிட்டன. 2004 டிசம்பரில் சுனாமி. 2006 ஏப்ரலில் சம்பூர், மூதூர்ப் பக்கம் குண்டுவீச்சு. ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை. செப்ரெம்பர் தொடக்கத்தில் சம்பூர் இராணுவத்தின் கையில். சனம் வெருகலைக் கடந்து வாகரைக்கும் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியது. திரும்பி வந்தபோது சம்பூர் உயர் பாதுகாப்பு வலயம். சம்பூர் மக்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை ஆகிய இடங்களின் முகாம்களில் தகரக் கொட்டில்களில் ஆண்டுக்கணக்காக இருந்தார்கள். 2015இல் 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த காணி 2016இல் கிடைத்தது.

விழா ஆய்வுக்கு இந்த ஆண்டுகள் முக்கியமானவை. சம்பூர்ப் பத்திரகாளி அம்மன் கோயில் வலயத்துக்குள். முறைக்காரர்களோ சில மைல் தூரத்தில், கட்டைபறிச்சான் முகாமில். முறையை எழுதி வைத்த குடிகள் இருந்தார்கள், முறை நடக்க வேண்டிய மண் இருக்கவில்லை. போர்த்துக்கேயர் காலத்தில் நடந்ததுபோல இன்னொரு கோயிலுக்குக் கடமையை மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அதற்கு நெல் வேண்டும், நிலம் வேண்டும், குறைந்தது ஒரு தலைமுறை நேரம் வேண்டும். நிவாரண அரிசியில் உபயம் செய்ய முடியாது. சடங்கை நிறுத்த அரசாணையோ சமய மறுப்போ தேவையில்லை. வயலைப் பறித்தால் போதும்.

போர் முடிந்ததும் மேடை விழாக்கள் அடுக்கடுக்காக வந்தன. 2011 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் பெரியதோர் இசை விழா நடந்தது. சேவாலங்கா மன்றமும் நோர்வேயின் இசை நிறுவனமும் பின்னால் நின்றன. இலங்கையின் பல பகுதிகளிலிருந்து கூத்து, கரகம், சிங்களக் கிராமிய ஆடல்கள், வெளிநாட்டுக் குழுக்கள் எல்லாம் ஒரே வளாகத்தில். அடுத்த ஆண்டு காலியில், 2013இல் மறுபடி யாழ்ப்பாணத்தில் என்று வடக்கும் தெற்கும் மாறி மாறி நடத்துவது திட்டம். முப்பது ஆண்டு ஒருவரை ஒருவர் பாராதவர்கள் ஒருவர் மேளத்தை ஒருவர் கேட்டார்கள் என்பது சிறிய விஷயமில்லை. ஆனால் வெளிநாட்டு நிதி எப்போதும் ஒரு காலவரையோடு வருவது. ஊரில் யாருக்கும் அந்த விழாவில் முறை இல்லை, ஆகவே அது நடக்காத ஆண்டில் கேட்க ஆளும் இல்லை.

அதே 2011இல் மட்டக்களப்பில் கண்ணகி கலை இலக்கிய விழா தொடங்கியது. அளவில் சிறியது; ஆய்வரங்கு, வழக்குரைப் பாடல், கொம்புமுறி, வசந்தன், பறைமேளக் கூத்து என்று கண்ணகி வழிபாட்டைச் சுற்றியே நிகழ்ச்சிகளை அமைத்துக்கொண்டது. ஆளும் பணமும் உள்ளூரிலிருந்தே வந்ததால் கிழக்கின் வேறு ஊர்களுக்கும் அது நடந்து போக முடிந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோயில் வாசலுக்கு வெளியே நின்று அடித்த கலைஞன் இந்த மாதிரி மேடைகளில் நடுவில் நிற்கிறான், ஒலிவாங்கியில் அவன் பெயர் சொல்லப்படுகிறது, பொன்னாடை போர்த்தப்படுகிறது. முறை தராத ஒன்றை நிகழ்ச்சி நிரல் தந்தது. பொன்னாடையைக் கேலி செய்வது எங்கள் எழுத்தாளர்களுக்குப் பழக்கம். அதை முதன்முறை போர்த்திக்கொண்டவரிடம் கேட்டுவிட்டுக் கேலி செய்யலாம்.

தமிழ்நாட்டில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 2007இல் கனிமொழியும் தமிழ் மையத்தின் ஜெகத் கஸ்பாரும் முன்னின்று, அரசின் ஆதரவோடு சென்னை சங்கமம் தொடங்கியது. சபாக்களின் டிசம்பர் சீசன் முடிந்த கையோடு, பூங்காவிலும் கடற்கரையிலும் தெருமுனையிலும் பறை, கரகம், தேவராட்டம், ஒயிலாட்டம். நுழைவுச்சீட்டு இல்லை. ஐந்து ஆண்டுகள் ஓடியது. 2011இல் ஆட்சி மாறியது, விழா நின்றது. மறுபடி 2023 ஜனவரியில், மறுபடி ஆட்சி மாறிய பின், சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா என்ற பெயரில் கலை பண்பாட்டுத் துறை அதைத் தொடங்கியது; பின்னர் மற்ற நகரங்களுக்கும் விரிந்தது. அரசு தந்தால் விழா ஒரே வருடத்தில் மாநிலம் முழுக்கப் பரவும், அரசு போனால் ஒரே நாளில் மறையும். இடைப்பட்ட பதினோரு ஆண்டும் அதே கரகம் அதே அம்மன் கோயில் கொடைகளில் ஆடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

முறை, மேடை இரண்டையும் ஓரளவு இணைத்த ஓர் உதாரணத்தை இராசத்தானில் பார்க்கலாம். அங்கே லங்கா, மங்கணியார் பாடகர்கள் தம் புரவலர் குடும்பத்தின் பிறப்பிலும் கலியாணத்திலும் பாடும் உரிமையுள்ளவர்கள். கோமல் கோத்தாரி 1960இல் போருந்தா கிராமத்தில் ரூபாயன் சன்ஸ்தானை நிறுவி, அவர்களைப் பதிவுசெய்து, வெளிநாட்டு மேடைவரை அழைத்துப் போனார். 2007இல் தொடங்கிய ஜோத்பூர் நாட்டார் இசை விழா மெஹ்ரான்கர் கோட்டையில் சரத் பௌர்ணமியை ஒட்டி வைக்கப்படுகிறது. தேதியைச் சந்திரனிடம் விட்டது புத்திசாலித்தனம். புரவலரின் கலியாணமும் நிற்கவில்லை, கோட்டை மேடையும் நிற்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு கோட்டையும் அரச குடும்பமும் சுற்றுலாவும் வேண்டியிருக்கிறது. கொட்டியாரத்தில் கோட்டை இல்லை.

கொட்டியாரத்தில் இருப்பது தமிழ்மொழித் தினப் போட்டி. நாட்டார் இசையைப் பற்றிய ஆய்வுகளில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. கல்வித் திணைக்களச் சமாச்சாரம் என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் கட்டைபறிச்சானில் ஒரு பிள்ளை ஆண்டுதோறும் நாட்டார் பாடலோடு நேருக்கு நேர் நிற்பது பெரும்பாலும் இந்தப் போட்டியில்தான். நாட்டார் பாடலும் நாட்டுக்கூத்தும் வில்லுப்பாட்டும் போட்டிப் பிரிவுகள். பாடசாலையில் வென்றால் கோட்டம், பிறகு மூதூர் வலயம், மாகாணம், கடைசியில் அகில இலங்கை. மூதூர் வலயத்தில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மண்டபத்தில் போட்டியிடுகிறார்கள். வயலில் சேர்ந்து பாடியது அறுவடை மெசின் வந்ததோடு போய்விட்டது. சூட்டுக் களம் இல்லை, பொலி பாட ஆளில்லை. சேர்ந்து பாடுவதற்கு எஞ்சியிருக்கும் இடங்களில் ஒன்று இந்த மண்டபம்.

போட்டியின் கேடும் தெளிவானது. நடுவர் கையில் புள்ளித்தாள்; குரல், தாளம், உடை, நேரம் என்று பிரித்துப் போட்டாக வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். வென்ற பாடசாலையின் மெட்டை அடுத்த ஆண்டு மற்றப் பாடசாலைகள் எடுத்துக்கொள்கின்றன. பற்றுக்குப் பற்று வேறுபட்ட மெட்டுகள் ஒன்றாகத் தேய்கின்றன. ஏற்றமிறக்கமில்லாமல், மூச்சு வாங்காமல், புன்னகை மாறாமல் பிள்ளை தாலாட்டுப் பாடுகிறது. எந்தத் தாயும் அப்படிப் பாடியதில்லை. பாடிக் காட்டச் சொல்லி வீட்டுக் கிழவியிடம் கொப்பியோடு போகும் ஆசிரியர் இன்னும் அங்கங்கே இருக்கிறார். யூடியூபில் எடுத்துக்கொடுப்பவர் அதிகம். வலய மட்டத்தில், அந்தந்த ஊரில் கேட்டு எழுதிய பாட்டுக்குத் தனியாகப் புள்ளி என்று ஒரு வரி புள்ளித்தாளில் சேர்ந்தால், மாவட்டத்தில் எந்த ஆய்வுத் திட்டமும் செய்யாத தொகுப்பு வேலை சில ஆண்டுகளில் நடந்துவிடும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விளைவுள்ளது: மாதம். பிரதேச இலக்கிய விழா, கலாசார விழா, மாகாண விழா என்று அரசு நடத்துபவை பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. நிதியாண்டு டிசம்பரோடு முடிகிறது. ஒதுக்கிய காசு அதற்குள் செலவாக வேண்டும். கிழக்கில் அது மாரி. மழை இடிக்கும், களரி போட முடியாது, மண்டபத்துக்குள் ஒதுங்க வேண்டும். பெரும்போகம் விதைத்த வயலில் வேலை நெருக்கும் நேரம். கூத்தாடுபவர்களில் பலர் வெள்ளாண்மைக்காரர். யானைக் காவலுக்கு வாடியில் படுக்க வேண்டியவரை இரவு ஒத்திகைக்குக் கூப்பிட முடியாது. வந்து சேரும் குழு பாதியாளோடு வரும், அல்லது பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒப்பேற்றும். பிறகு, ஊரில் கூத்து அழிந்துவிட்டது என்று விழா மலரில் ஒரு கட்டுரை வரும்.

சடங்கு இந்தப் பிழையைச் செய்ததில்லை. அது அறுவடையைப் பார்த்துத்தான் தன் நாளை வைத்தது. வைகாசியில் கதவு திறந்தபின் பாடுபவர்களுக்கும் மேளகாரருக்கும் கோயிலில் வேலை இருக்கும். அதற்கு முந்திய பங்குனி, சித்திரையில் வயல் ஓய்ந்திருக்கும், வானமும் ஒத்துழைக்கும், வட்டக் களரியை வெளியிலேயே போடலாம். பிரதேச விழாவை அந்த மாதங்களுக்கு நகர்த்தப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். ஆண்டு ஒதுக்கீட்டின் முதல் தவணை மாசிக்குள் பிரதேச செயலகத்துக்கு வந்து சேர்ந்தால் போதும்.